எலும்பு மட்டும் தெரிந்த படம்

பால்மரம் வெட்டுகிற, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற, பெண்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. விடிவதற்கு முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு நிரையாகத் தீம்பாருக்குள் இறங்குவார்கள். ரப்பர் காட்டுக்கு எங்கள் தோட்டத்தில் தீம்பார் என்றுதான் பெயர். பக்கத்து நிரைக்காரியின் விளக்கு கொஞ்ச நேரம் தெரியும், அப்புறம் மரங்களுக்குள் மறைந்துவிடும். பாம்பு இருக்கும், காட்டுப்பன்றி இருக்கும். அதனால் நாலைந்து மரத்துக்கு ஒரு தடவை ஒருத்தி "ஊய்" என்று கூவுவாள். பக்கத்தில் இருப்பவள் "ஊய்" என்று திருப்பிக் கூவ வேண்டும். நீ இருக்கிறாயா, இருக்கிறேன். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, யாரும் அதைப் பெரிதாக நினைத்ததும் இல்லை.

எங்கள் தோட்டம் பேரா மாநிலத்தில், தெலுக் இந்தான் போகிற பாதையில் இருந்தது. அப்பா நான் நடை பழகுவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். லயம் என்கிற வரிசை வீடுகளில் எங்கள் வீட்டில் மூன்று பேர்: அம்மா, அம்மாவின் தங்கையான சின்னம்மா, ஒரே மகளான நான். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் பக்கத்துப் பக்கத்து நிரை. சின்னம்மாவுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகியிருக்காது. அழகு. அழகைவிட ரோஷம் அதிகம். கோபம் வந்தால் சண்டை போடமாட்டாள், வாயை மூடிக்கொள்வாள். சோறு வேண்டாம் என்று கையாட்டுவாள். தீம்பாரிலும் அதே கதைதான், அம்மா கூவினால் பதில் வராது. அம்மாவுக்கு அது பழகிப்போயிருந்தது. "மூஞ்சத் தூக்கி வச்சிருக்கா. பத்து மரம் தாண்டினா சரியாயிடும்" என்று சிரிப்பாள். பெரும்பாலும் பத்தாவது மரத்துக்குள் "ஊய்" வந்துவிடும்.

அந்தக் குணம் எனக்கும் அப்படியே வந்திருக்கிறது என்று லயத்தில் எல்லோரும் சொல்வார்கள். சின்ன வயதில் அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. ஒருநாள் சாயங்காலம் இரண்டு பேருக்கும் பேச்சு முற்றிவிட்டது. ஈப்போவில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் பெண்கள் வேண்டுமாம், யாரோ சின்னம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"நான் போறேன்க்கா. இந்தக் கொசுக்கடியில எத்தன நாளு மரம் வெட்டுறது?"

"டவுன்ல ஒன்ன யாரு பார்த்துக்குவா? பேசாம இருலா."

"நீ ஒருத்தி பார்த்துக்கிட்டது போதும்."

சொல்லிவிட்டுச் சின்னம்மா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். அதுதான் அவள் அம்மாவிடம் பேசிய கடைசிப் பேச்சு. அன்று ராத்திரி பெருங்காற்றும் மழையுமாக இருந்தது. காலையில் மழை விட்டிருந்ததால் இரண்டு பேரும் வேலைக்குக் கிளம்பினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

அப்புறம் நடந்ததை அம்மா எனக்குச் சொன்னதே இல்லை. கூட வேலை செய்த அக்காமார் சொன்னதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். காற்றில் முறிந்து மேலே தொங்கிக்கொண்டிருந்த கொம்பு ஒன்று சின்னம்மாவின் தலையில் விழுந்தது. முறிகிற சத்தம் அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது. ஆனால் அது ரப்பர் காய் வெடிக்கிற காலம், படீர் படீர் என்று நாலா பக்கமும் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அம்மா கூவினாள். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்க் கூவினாள். கோபம்தான், பத்து மரம் தாண்டட்டும் என்று நினைத்துக்கொண்டாள். நிரையை முடித்துவிட்டு, வெயில் வந்த பிறகுதான் தங்கையின் பக்கம் போய்ப் பார்த்தாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற டிரசர் அம்மாவிடம் சொன்னாராம், "முதல்லயே போயிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதும்மா" என்று. நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். அம்மாவின் காதில் அது ஏறவே இல்லை.

அடி விழுந்தது சின்னம்மாவின் தலையில். ஆனால் அதற்கப்புறம் இருபது வருஷத்துக்குப் பக்கமாகத் தலைக்குள் வலியோடு இருந்தது அம்மா.

காரியம் முடிந்த நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, நான் லயத்துக்குப் பின்னால் இருந்த கக்கூசுக்குப் போயிருந்தேன். அடுப்படியிலிருந்து "ஊய்" என்று சத்தம். எனக்குச் சிரிப்பு வந்தது. விளையாட்டு என்று நினைத்து நானும் "ஊய்" என்றேன். அன்றிலிருந்து அது என் வேலை ஆயிற்று. கிணற்றடியில் இருந்தால் கூவல். பக்கத்து வீட்டில் பாடம் படித்தால் கூவல். அரை நிமிஷம் பதில் தாமதித்தால் போதும், கையில் கரண்டியோடு ஓடி வருவாள். முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, நெஞ்சு அடித்துக்கொள்வது சட்டைக்கு மேலேயே தெரியும். நான் இருப்பதைப் பார்த்த பிறகும் உடனே போகமாட்டாள். என் தலையைத் தொட்டுத் தடவுவாள், உச்சியிலிருந்து பிடரிவரை, அடி ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பவள் மாதிரி. அப்புறம் எதுவும் நடக்காதது போல அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள்.

காய் வெடித்தால் தரையில் உட்கார்ந்துவிடுவாள். தீம்பாருக்குள் இறங்கவே முடியவில்லை, களை வெட்டுகிற வேலைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். டிரசர் தூங்குவதற்கு மாத்திரை கொடுத்தார். நாளாக ஆக எல்லோருக்கும் சலித்துவிட்டது. "இன்னுமா அத நெனச்சிக்கிட்டிருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நினைத்துக்கொண்டிருப்பது வேறு, இது வேறு என்று சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை.

தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை போட்டபோது நாங்கள் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் ஒரு பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். டவுனுக்கு வந்தால் மரமும் இல்லை, காயும் இல்லை, அம்மா சரியாகிவிடுவாள் என்று நான் கணக்குப் போட்டேன். மரத்துக்குப் பதில் மோட்டார்சைக்கிள் இருந்தது. புகைக்குழாய் வெடிக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா வாசலுக்கு ஓடினாள். புந்தோங் கம்பத்துச் சந்துகளில் மோட்டார்சைக்கிளுக்குப் பஞ்சமா?

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எக்ஸ்ரே பிரிவில் அட்டெண்டன்ட். நோயாளியைத் தள்ளிக்கொண்டு வருவது, படுக்க வைப்பது, படங்களை உறையில் போட்டு அடுக்குவது. பெரிய உத்தியோகம் இல்லை. ஆனால் வெள்ளைச் சட்டை போட்டேன், எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. இரண்டு வருஷம் படங்களைத் தூக்கிப் பார்த்ததில் பாதி டாக்டர் ஆகிவிட்டதாக நினைப்பு. புந்தோங்கில் யாருக்காவது கை வீங்கினால் என்னைக் கூப்பிடுவார்கள், நானும் போய் அழுத்திப் பார்த்துவிட்டு "கிராக் இல்ல" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு வருவேன்.

ஒருநாள் மத்தியானம் வேலை அதிகமாகி வீடு திரும்ப நேரமாகிவிட்டது. அம்மா பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். எந்த அறை என்று தெரியவில்லை போலிருக்கிறது. நீளமான வராந்தாவில், இருபது முப்பது பேர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நடுவில் நின்று "ஊய்" என்று கூவினாள். தீம்பாரில் கூவுகிற அதே குரல். நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். கூட வேலை செய்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி, "யாரோ வழி தவறி வந்துட்டாங்க, தஞ்சோங் ரம்புத்தானுக்கு போன் போடுங்கலா" என்றாள். பேராவில் அந்த ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மனநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊர்.

நான் பதில் கூவவில்லை. பின்வாசல் வழியாகச் சுற்றிப் போய் அம்மாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் என் தலையைத் தொட வந்தாள், நான் கையைத் தட்டிவிட்டேன்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, சாலை ஓரத்தில் ஒரு மோட்டார்சைக்கிள் சத்தத்துக்குப் பயந்து ஓடப்போய், அம்மா வழுக்கிக் கால்வாய்த் திட்டில் தலையை இடித்துக்கொண்டாள். நெற்றியில் காயம். எங்கள் பிரிவுக்குத்தான் கொண்டுவந்தார்கள். நானே படுக்க வைத்து, தலையை நேராகப் பிடித்து, "அசையாதம்மா" என்றேன். படம் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, ஒன்றும் இல்லை என்று எழுதி வந்தது.

ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பத்து வருஷமாக இந்தத் தலைக்குள் ஏதோ இருக்கிறது, காற்றோ கறுப்போ கட்டியோ, என்று எல்லோரும் சொன்னார்கள். இதோ படம். ஒன்றும் இல்லை. மேலதிகாரியிடம் கேட்டு அந்தப் படத்தை வீட்டுக்கே கொண்டுவந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அம்மாவைப் பக்கத்தில் நிற்க வைத்தேன்.

"பாரு. இதுதான் ஒன்னோட தல. எங்கயாவது ஏதாவது தெரியுதா?"

அம்மா தன்னுடைய மண்டையோட்டை வெகுநேரம் பார்த்தாள். "இதுக்குள்ள இருக்கிற கறுப்பு?"

"அதான் மூளை. சுத்தமா இருக்கு. ஒனக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் நடிப்பு. என்ன வீட்டுக்குள்ளயே கட்டிப் போடுறதுக்கு நடிப்பு. சின்னம்மாவ டவுனுக்கு விட்டிருந்தா அவ இப்ப உசுரோட இருப்பா. இனிமே நீ கூவினா நான் பதில் குடுக்கமாட்டேன்."

இதை எழுதும்போது கை கூசுகிறது. சொன்னபோது கூசவில்லை. வாய்க்கொழுப்பு என்பார்களே, அது எனக்குத் தாராளமாகவே இருந்தது.

சொன்னதைச் செய்தும் காட்டினேன். அன்று சாயங்காலம் அறைக்குள் தலை வாரிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து கூவல் வந்தது. நான் வாரிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது கூவல், கொஞ்சம் உயர்ந்து. மூன்றாவது, உடைந்து. அப்புறம் ஓடி வருகிற காலடி. கதவில் வந்து நின்றாள். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்தாள். தொட வரவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு அடங்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள்.

அதற்கப்புறம் அம்மா கூவவே இல்லை. வீடு அமைதியாகிவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். முன்பே இப்படிக் கண்டிப்பாக இருந்திருக்கலாமே என்று கூட வேலை செய்பவர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

ஒரு வருஷம் போயிருக்கும். தொழிற்சாலையில் மெஷின் பெல்ட் அறுந்து, பக்கத்தில் நின்ற கூட்டாளி செத்துப்போனதைப் பார்த்த ஒரு ஆள் எங்களிடம் வந்தார். கன்னத்தில் சின்னக் கீறல், அவ்வளவுதான். ஆனால் தலை வலிக்கிறது என்றார், உடம்பெல்லாம் நடுங்கியது. படம் சுத்தமாக வந்தது. டாக்டர் அம்மா ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது இங்கேதான், பேச்சு மட்டும் அந்த ஊர்ப் பேச்சு. நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன்.

"படத்துல ஒண்ணும் இல்லயே டாக்டர். லீவுக்காக நடிக்கிறாரு போல."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எக்ஸ்ரேயில மூளை எங்க தெரியுது, பிள்ளை?" என்று கேட்டார். "இது எலும்பு. வீட்டுச் சுவர் வெடிக்கேல்லை எண்டு சொல்லுது. உள்ளுக்குள்ளை ஆர் அழுதுகொண்டிருக்கினம் எண்டு சொல்லாது."

மூன்று வருஷம் அங்கே வேலை செய்கிறேன். அந்தக் கறுப்பைத்தான் மூளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் பென்சிலை எடுத்துப் பட உறையின் மேல் ஒரு தலையை வரைந்தார். காதுக்கு நேரே, ஆழத்தில், ஒரு சின்னப் புள்ளி வைத்தார். "பாதாம் பருப்பளவுதான் இருக்கும். ஆபத்தெண்டா மணி அடிக்கிறது இதுதான். இதுக்குப் பக்கத்தில இன்னொரு பகுதி, நடந்தது எங்க நடந்தது, எப்ப நடந்தது எண்டு குறிச்சு வைக்கும். தாங்கேலாத அதிர்ச்சி வந்தா மணி நிக்காமல் அடிக்கும். மற்றதுக்கு, அது எப்பவோ முடிஞ்சுபோச்சு எண்டு குறிக்க ஏலாமல் போயிடும். அந்த மனிசனுக்குப் பெல்ட் இன்னும் அறுந்துகொண்டுதான் இருக்கு. நடிக்கேல்லை."

நான் அந்த உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நிரையில் நின்று கூவிக்கொண்டிருக்கிற அம்மா கண்ணுக்கு முன்னால் வந்தாள். அவள் தலைக்குள் அந்தக் காலை இன்னும் முடியவில்லை. சின்னம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் அவள் என்னிடம் ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்டிருக்கிறாள். நான் கொடுத்துக்கொண்டிருந்த அந்த ஒற்றைச் சொல்தான் அவள் மணியைக் கொஞ்ச நேரம் நிறுத்தியிருக்கிறது. அதை நான் நிறுத்திவிட்டேன்.

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். நல்ல வெயில். அம்மா முன்னறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள், முதுகு எனக்கு. கையில் அந்த எக்ஸ்ரே படம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கறுப்பில் விரலை வைத்துத் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு மோட்டார்சைக்கிள் வெடித்தது. அவள் தோள் துள்ளியது, படம் கையில் படபடத்தது, ஆனால் ஓடவில்லை. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று அந்தப் படத்தைப் பார்த்து முணுமுணுத்தாள். படத்தின் ஓரமெல்லாம் விரல் ரேகை பதிந்து மங்கியிருந்தது. ஒரு வருஷமாக, நான் வேலைக்குப் போன பிறகு, அவள் செய்துகொண்டிருந்தது இதைத்தான்.

நான் அழுதேன். "அம்மா, நான் சொன்னது தப்பு. அதுல மூளை தெரியாது. ஒனக்கு நெஜமாவே வலிதான்" என்றேன். அவள் பதறிப்போய்ப் படத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் இல்லலா. நீதான பார்த்துச் சொன்ன" என்றாள்.

 அன்றிலிருந்து நான் கூவ ஆரம்பித்தேன். அவள் கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை. குளிக்கப் போனால் கூவினேன், துணி காயப்போடப் போனால் கூவினேன், வேலையிலிருந்து வரும்போது சந்து முனையிலேயே கூவினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் மகளுக்கும் தொற்றிக்கொண்டது என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அம்மா வெகுநாள் பதில் தரவில்லை. அப்புறம் ஒருநாள் அடுப்படியிலிருந்து டம்ளரில் கரண்டி தட்டுகிற சத்தம் வந்தது, டிங் என்று. குரல் கொடுக்க அவளுக்கு வெட்கம். நான் கூவுவேன், அவள் தட்டுவாள். கோபமாக இருந்தால் மட்டும் தட்டமாட்டாள். சில வருஷம் எங்கள் வீடு அப்படி ஓடியது. என் வாழ்க்கையில் நன்றாக இருந்த காலம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

இதைப் பற்றிப் பிற்பாடு கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். இப்போது மூளையையே படம் எடுக்கிறார்கள். பெரிய அதிர்ச்சியில் சிக்கி மீளாதவர்களில் பலருக்கு, நேரத்தையும் இடத்தையும் குறித்துவைக்கிற அந்தப் பகுதி கொஞ்சம் சிறுத்துத் தெரிகிறதாம். அதிர்ச்சியால் சிறுத்ததா, அல்லது முதலிலேயே சிறிதாக இருந்தவர்களைத்தான் அதிர்ச்சி இப்படிப் பிடித்துக்கொள்கிறதா என்று ஆராய்கிறவர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் நடக்கிறது. மணியை அடக்க வேண்டிய பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறதாம், அதுவும் சரியாக அடக்குவதில்லையாம். அவர்கள் மெதுவாக வாதாடட்டும். சிறுத்ததோ, பிறவியிலேயே சிறிதோ, அம்மா நடிக்கவில்லை. எனக்கு அது போதும்.

எண்பதுகளின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தின நாள் டாக்டர் அம்மா ஒரு கடிதம் கொடுத்திருந்தார். அம்மாவை மனநல டாக்டரிடம் காட்டு, இப்போது இதற்குப் பேசியே வைத்தியம் செய்கிறார்கள் என்றார். நான் சந்தோஷமாகக் கொண்டுவந்து நீட்டினேன்.

"எங்க, தஞ்சோங் ரம்புத்தானுக்கா?" என்றாள் அம்மா. "என்னப் பைத்தியம்னு எழுதி வாங்கிட்டு வந்துட்டியா?"

"அங்க இல்லம்மா. இங்கதான், டவுன்லதான்."

"படத்துல ஒண்ணும் இல்லன்னு சொன்னது நீதான? இப்ப இருக்குன்னு சொல்றதும் நீதான?"

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. நான் கத்தினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். முன்னறைப் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். நான் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

அம்மா போனது மாரடைப்பில். முதல் கூவலுக்கே ஓடி வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் அம்மா சொன்னார், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு. நல்ல மனசோடுதான் சொன்னார். அது என் காதில் ஏறவில்லை.

மூன்று துணி காயப்போட்டதும் "ஊய்" என்றேன். டம்ளர் சத்தம் வரவில்லை. இன்னும் இரண்டு துணி போட்டுவிட்டு மறுபடியும் கூவினேன். கோபம்தான், பத்துத் துணி தாண்டினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். வாளியில் மீதி இருந்ததையும் உதறிக் காயப்போட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன்.